மாமாவின் மூச்சுக் கணக்கு: செந்தூலில் ஒரு நிகழ்வு ஆய்வு

2019 செப்டம்பரில் புகைமூட்டத்துக்காகப் பள்ளிகளை மூடினார்கள். வீட்டில் அடைந்து கிடக்கப் பிடிக்காமல், முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கோலாலம்பூரின் செந்தூலுக்கு மாமாவைப் பார்க்கப் போனேன். (ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பியவள் நான்தான். அதை விடுங்கள்.) மேசைமேல் ஒரு 555 புத்தகம் கிடந்தது. மளிகைக் கடையில் கடன் எழுதி வைப்பார்களே, சட்டைப் பைக்குள் அடங்கும் அந்தச் சின்னப் புத்தகம். யாருக்கு என்ன பாக்கி என்று புரட்டினால், பக்கம் பக்கமாகத் தேதி, காலை ஒரு எண், இரவு ஒரு எண்.

"என் மூச்சுக் கணக்கு, டீச்சரம்மா. கிளினிக்கில எழுதச் சொன்னாங்க" என்றார் மாமா.

நான் தமிழ்ப்பள்ளியில் கணிதம் சொல்லித்தருகிறவள். மருத்துவம் படித்ததில்லை. ஆனால் எண்கள் வரிசையாக நின்றால் எனக்குக் கை சும்மா இருக்காது. அன்று தொடங்கி 2020 கடைசிவரை அந்தப் புத்தகத்தோடு நான் மல்லுக்கட்டியதன் பதிவு இது. மாமாவின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர் போடாதே என்றார், போடவில்லை.

ஆளும் கருவியும்

மாமா என் அம்மாவின் அண்ணன். அப்போது வயது 67. நாற்பது வருடம் வெல்டிங் வேலை. 1998 வரை சிகரெட். மகள் பள்ளியில் எதையோ படித்துவிட்டு வந்து அழுதாள் என்று ஒரே நாளில் நிறுத்தியவர். ஐம்பதைத் தாண்டியதும் இளைப்பு வந்தது. கிளினிக்கில் ஆஸ்துமா என்றார்கள். தினமும் இரண்டு வேளை இழுக்கவேண்டிய தடுப்பு மருந்து ஒன்று, மூச்சு முட்டும்போது இழுக்க நீல நிற இன்ஹேலர் ஒன்று. ஜாலான் ஈப்போவின் இரைச்சல் கேட்கும் தூரத்தில் ஒரு பிளாட்டில் மூன்றாம் மாடி வீடு. மாமா, அத்தை, அவ்வப்போது வந்து தங்கும் பேரப்பிள்ளைகள்.

எண்களைத் தரும் கருவி பீக் ஃப்ளோ மீட்டர். பிளாஸ்டிக் குழாய், பக்கத்தில் அளவுகோல், அதில் நகரும் ஒரு முள். நின்றுகொண்டு, மூச்சை முழுக்க இழுத்து, ஒரே அடியில் பலமாக ஊதவேண்டும். மூன்று முறை ஊதி, மூன்றில் பெரிய எண்ணை எழுதவேண்டும். மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் எவ்வளவு முக்கினாலும் முள் மேலே போகாது. மாமாவின் நல்ல நாள் எண் நிமிடத்துக்கு 350 லிட்டர். அதில் 80 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 280க்கு மேல் இருந்தால் பச்சை. 175 வரை மஞ்சள். அதற்கும் கீழே போனால் சிவப்பு, ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். ஒவ்வொருவருக்கும் அளவுகோல் அவரவருடைய நல்ல நாள்தான், ஊராருடைய சராசரி கிடையாது. இது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் போட்ட கணக்கு

புகை கண்ணுக்குத் தெரிகிற வாரம் அது. எனவே நான் முதலில் செய்தது எவரும் செய்யக்கூடியதைத்தான். மாமாவின் எண்களுக்குப் பக்கத்தில் அன்றைய காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை, நம்மவர்கள் வாயில் ஐ.பி.யு., ஒரு வரிசையாக எழுதினேன். கோலாலம்பூருக்குள் பத்து மூடாவிலும் செராஸிலும் அளவு நிலையங்கள் உண்டு. செந்தூலுக்குப் பக்கம் பத்து மூடா.

இதில் ஒரு சின்ன வேடிக்கை. மாமாவின் குழாயில் பச்சை என்றால் நலம். ஐ.பி.யு.வில் நலத்துக்கு நிறம் நீலம், 50 வரை. பச்சை என்பது 51 முதல் 100 வரை, மிதமானது. அதற்கு மேல் 200 வரை மஞ்சள், 300 வரை ஆரஞ்சு, அப்புறம் சிவப்பு. "பச்சைதானே காட்டுது" என்று எத்தனையோ மாலைகளில் மாமா துணிந்து நடக்கப் போயிருக்கிறார். பச்சை என்றால் போகலாம் என்று சாலை விளக்கு நமக்குப் பழக்கிவிட்டது.

குறியீட்டுக்குள் இருப்பவற்றில் நம் கதைக்கு முக்கியமானது பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரான் அளவுக்கும் சிறிய துகள். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கு மயிரிலும் தொண்டைச் சளியிலும் சிக்காமல் நுரையீரலின் அடிவரை போய் உட்காரும். மலேசியக் குறியீட்டில் இதைச் சேர்த்ததே 2018இல்தான். அதற்கு முன்பு பி.எம். 10 எனும் பெரிய துகள்தான் கணக்கு.

புகைமூட்டத்தின் வரலாறு இங்கே எல்லாருக்கும் தெரிந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் கரிமண் நிலம் எரிந்தால் நமக்கு மூச்சு முட்டும். 1997இல் கூச்சிங்கில் குறியீடு 800ஐத் தாண்டி சரவாக்கில் அவசர நிலை. 2005இல் கிள்ளான் துறைமுகத்துக்கும் கோலசிலாங்கூருக்கும், 2013இல் மூவாருக்கும் அதே கதி. 1997இல் கோலாலம்பூர் பொது மருத்துவமனைக்கு மூச்சுத் தொல்லையோடு வந்த வெளிநோயாளிகள் நாளுக்கு 250 பேரிலிருந்து 800 பேராக ஏறினார்கள். அந்த வருடம் வெல்டிங் புகை, வானத்துப் புகை, சிகரெட் புகை மூன்றையும் சேர்த்து இழுத்ததாக மாமா சொல்வார், ஏதோ சாதனைபோல.

2019க்கு வருவோம். புகை அடர்ந்த வாரங்களில் மாமாவின் காலை எண் 230க்கு இறங்கியிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் குறியீடு உச்சத்தில் இருந்த நாளன்றே எண் தரைதட்டவில்லை. ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் தள்ளித்தான் விழுந்தது. முதலில் மாமா தேதி மாற்றி எழுதிவிட்டார் என்று நினைத்தேன். அவர் கோபித்துக்கொண்டார்.

அப்புறம் தேடிப் படித்ததில் மஸ்ருரா சஹானியும் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு கிடைத்தது. 2000 முதல் 2007 வரை கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் 88 புகைமூட்ட நாள்களை எடுத்துக்கொண்டு, அந்நாள்களில் இறப்பு எப்படி இருந்தது என்று பார்த்திருக்கிறார்கள். பார்த்த விதம்தான் எனக்கு முக்கியம். மாமாவின் குழாய் அளவுகோலைப்போலவே, இறந்தவரை இன்னொருவரோடு ஒப்பிடவில்லை, அவரோடேயே ஒப்பிட்டார்கள். அவர் இறந்த நாளில் காற்று எப்படி, அதே மாதத்தின் மற்ற நாள்களில் எப்படி? ஆள் ஒருவரே என்பதால் வயது, சிகரெட், சம்பளம், பரம்பரை எதுவும் கணக்கைக் குழப்ப முடியாது. சுவாச நோயால் இறக்கும் வாய்ப்பு புகைமூட்ட நாளில் ஏறத்தாழ 19 விழுக்காடு கூடியிருந்தது. பிள்ளைகளிடம் விளைவு இரண்டு நாள் தள்ளித் தெரிந்தது. 1997 புகையில் கோலாலம்பூரிலும் கூச்சிங்கிலும் நிகழ்ந்த இறப்புகளை ஆராய்ந்து 2002இல் எழுதிய நாராயண் சாஸ்திரியும் முதியவர்களின் இறப்பு கூடியதைக் காட்டியிருக்கிறார். ஆக, நாள் தள்ளி விழுவது மாமாவின் கைத்தவறாக இருக்கவேண்டியதில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் அக்டோபரில் மழை வந்து வானம் கழுவிவிட்ட பிறகும் எண்கள் ஒழுங்காக நிற்கவில்லை. 300, 305, 270, 300, 310, 265. வரைபடமாகப் போட்டால் சீப்பின் பற்கள்போல் வாரத்துக்கு இரண்டு பள்ளம். புதன் காலை, சனி காலை. பிப்ரவரி வரைக்கும் அப்படியே. ஐ.பி.யு. வரிசையில் அப்படி எதுவும் இல்லை. பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், சாத்தே இறைச்சி சுடும் புகையா என்று கேட்டேன்; அவர் போவதே இல்லையாம். காரணம் பிடிபடாமல் புத்தகத்தை மூடி வைத்தேன்.

ஆலை மூடிய பதின்மூன்று மாதங்கள்

இந்த இடத்தில் ஆர்டன் போப்பைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அவர் ஆய்வைப் படித்திருக்காவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் எனக்குப் புரிந்திருக்காது.

போப் டாக்டர் இல்லை, பொருளாதாரப் பேராசிரியர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், புரோவோ ஊரின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அந்த ஊர் ஒரு பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் உயர்ந்த மலை, மறுபக்கம் ஏரி. குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்று கீழே தேங்கிவிடும், வெதுவெதுப்பான காற்று மேலே மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும். கீழே கிளம்பும் புகைக்கு வெளியேற வழி இருக்காது. (தித்திவங்சா மலைக்கு இந்தப் பக்கம் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் நமக்கு இது ஓரளவு புரியும், குளிரைத் தவிர.) ஏரிக்கரையில் ஜெனீவா என்ற இரும்பாலை, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கட்டியது. 1986 ஆகஸ்டில் தொழிலாளர் தகராறில் ஆலை நின்றது. 13 மாதம் கழித்து, 1987 செப்டம்பரில் வேறொரு உரிமையாளரின் கையில் மறுபடி ஓடத் தொடங்கியது.

யாரும் ஆராய்ச்சிக்காக ஆலையை மூடவில்லை. ஆனால் எந்த ஆராய்ச்சியாளரும் காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்று நடந்துவிட்டது. ஒரே ஊர், அதே மக்கள், அதே மலை, அதே ஏரி. ஒரு குளிர்காலம் ஆலையோடு, அடுத்தது ஆலை இல்லாமல், அதற்கடுத்தது மறுபடி ஆலையோடு. விளக்கு ஸ்விட்சைப் போட்டு, அணைத்து, போட்டுப் பார்ப்பதுபோல. மேலும், மத நம்பிக்கை காரணமாக அங்கே சிகரெட் பிடிப்பவர்களும் மிகக் குறைவு. "எல்லாம் சிகரெட்டால் வந்தது" என்று ஒதுக்கிவிட முடியாது.

போப் செய்தது எளிய வேலை, எளிய வேலை என்பதால்தான் அதை நான் மெச்சுகிறேன். 1985 ஏப்ரல் முதல் 1988 பிப்ரவரி வரை அந்தப் பகுதி மருத்துவமனைகளில் மூச்சுக்குழாய் அழற்சி, ஆஸ்துமா, நிமோனியா என்று சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கையை மாதவாரியாக எடுத்தார். பக்கத்தில் பி.எம். 10 அளவை வைத்தார். ஆலை ஓடிய குளிர்காலங்களில் துகள் அளவு ஆலை மூடியிருந்த குளிர்காலத்தைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. மூச்சுக்குழாய் அழற்சிக்கும் ஆஸ்துமாவுக்கும் மருத்துவமனையில் சேர்ந்த பிள்ளைகள் இரண்டு மூன்று மடங்கு. 24 மணி நேரத் துகள் அளவு ஒரு கன மீட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டிய மாதங்களில் பிள்ளைகளின் சேர்க்கை கிட்டத்தட்ட மும்மடங்கு, பெரியவர்களுடையது 44 விழுக்காடு அதிகம். அந்த 150தான் அன்று அமெரிக்கச் சட்டம் ஒரு நாளைக்கு வைத்திருந்த உச்ச வரம்பு. 1989இல் கட்டுரை வெளிவந்தது.

எதிர்ப்பும் வந்தது. ஸ்டீவன் லாம் என்பவரும் சகாக்களும், அந்தக் குளிர்காலங்களில் பிள்ளைகளைத் தாக்கியது ஆர்.எஸ்.வி. எனும் சளிக் கிருமி, ஆலை இல்லை என்றார்கள். இது அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய வாதமில்லை. அந்தக் கிருமி ஒரு வருடம் கூடும், ஒரு வருடம் குறையும். ஆலை மூடிய குளிர்காலத்தில் தற்செயலாகக் குறைந்திருந்தால்? போப் ஏற்கெனவே பக்கத்துப் பள்ளத்தாக்குகளின் மருத்துவமனைக் கணக்குகளையும் எடுத்துப் பார்த்திருந்தார். ஆலை இல்லாத பள்ளத்தாக்கில் அந்த ஏற்ற இறக்கம் காணவில்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் வியப்பு. அந்தக் காலத்தில் காற்றை அளக்க உறிஞ்சிப் பிடித்த வடிதாள்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். ஆலை மூடுவதற்கு முன்பு, மூடியிருந்தபோது, திறந்த பிறகு என மூன்று காலத்துத் தூசியும் அதில் இருந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பின் விஞ்ஞானிகள் ஆண்ட்ரூ கியோவும் ராபர்ட் டெவ்லினும் அந்தத் தூசியின் சாற்றைச் சிறிதளவு எடுத்து, முன்வந்த ஆரோக்கியமானவர்களின் நுரையீரலில் குழாய் வழியாக விட்டுப் பார்த்தார்கள். ஆலை ஓடிய காலத்துத் தூசி அழற்சியை அதிகம் கிளப்பியது, மூடிய காலத்துத் தூசி அந்த அளவுக்குக் கிளப்பவில்லை. ஆலைத் தூசியில் உலோகச் சத்து கூடுதல். 2001இல் இதை வெளியிட்டார்கள். பதினைந்து வருடப் பழைய அழுக்குத் தாளைப் பத்திரப்படுத்தியவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

இதற்கிடையே 1993இல் டக்ளஸ் டாக்கரியும் போப்பும் மற்றவர்களும் சேர்ந்து ஆறு அமெரிக்க நகரங்களில் 8,111 பேரைப் பதினான்கு முதல் பதினாறு வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வை வெளியிட்டார்கள். மிக அழுக்கான நகரத்தில் இறப்பு விகிதம் மிகச் சுத்தமான நகரத்தைவிட 26 விழுக்காடு அதிகம். நுண்துகளுக்குத் தனிச் சட்ட வரம்பு 1997இல் அமெரிக்காவில் வந்ததில் இதற்குப் பெரிய பங்கு. ஆனால் என் மனம் அந்த 26இல் ஒட்டவில்லை. ஆலையின் ஸ்விட்சில்தான் ஒட்டியது.

நம் ஸ்விட்ச்

2020 மார்ச் 18. கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. ஜாலான் ஈப்போ இரவு பகலாக ஊமையாகிவிட்டது. பேருந்து இல்லை, மோட்டார் இல்லை, சாலையோரக் கடை அடுப்புகூட இல்லை. வானம் நீலமாக இருப்பதைப் படமெடுத்து எல்லாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். ஐ.பி.யு. நிறமும் நீலம். நான் மாமாவுக்கு போன் போட்டேன்.

"மாமா, ஆலையை மூடிட்டாங்க. தினமும் ரெண்டு வேளையும் விடாம ஊதுங்க."

"எந்த ஆலைம்மா?"

எண் 320, 330 என்று ஏறும் என எதிர்பார்த்தேன். தலைப்புகூட மனதுக்குள் எழுதிவிட்டேன். மாமா தினமும் புத்தகப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். முதல் வாரம் காலை எண் 270, 260, 265. இரண்டாம் வாரம் 255, 250. ஒரு நாள் 240. புகைமூட்டத்தில் இறங்கிய அளவுக்குப் பக்கத்தில்! வாகனமே ஓடாத ஊரில், நீல வானத்தின் கீழே, மாமாவுக்கு மூச்சு விடுவது கடினமாகிக்கொண்டே போனது.

சீப்புப் பற்களும் மறைந்துவிட்டன. புதனும் சனியும் மட்டும் பள்ளமில்லை, எல்லாக் காலையும் பள்ளம்.

ஊதும் விதம் தவறோ என்று ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு மாலை வீடியோவில் ஊதிக்காட்டச் சொன்னேன். படம் மங்கலாக இருந்தது. "கேமராவைத் துடைங்க மாமா" என்றேன். துடைத்தார். மறுபடியும் மங்கல். அவருக்குப் பின்னால் விளக்கு ஒளிவட்டம் கட்டி நின்றது. அந்த மங்கலுக்குள்ளிருந்து அத்தை தூபக்காலோடு நடந்து வந்தார்.

அவ்வளவுதான். ஐந்து மாதமாக எனக்குப் புரியாத சீப்பு அந்த நொடியில் புரிந்தது. அத்தை செவ்வாயும் வெள்ளியும் விளக்கு வைத்து சாம்பிராணி போடுகிறவர். மறுநாள் புதன், சனி. கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் வாசலில் வேப்பிலை கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கிருமி அண்டாமல் இருக்க தினமும் சாம்பிராணி போட ஆரம்பித்திருக்கிறார். கரி மூட்டிப் போடுவதும் உண்டு, நேரமில்லாவிட்டால் கம்ப்யூட்டர் சாம்பிராணி. (அதற்கு அந்தப் பெயர் எப்படி வந்ததோ, அதைத் தனியாக ஆராயலாம்.) வெளிக்காற்றில் நோய் வரும் என்று ஜன்னல்களை வேறு சாத்திவிட்டார்கள். பிளாக்கில் டிங்கிக் காய்ச்சல் வந்திருந்ததால் படுக்கையறையில் இரவு முழுக்கக் கொசுவத்தி.

கொசுவத்தியைப் பற்றி 2003இல் வெளியான ஓர் ஆய்வு நமக்கு நேரே சம்பந்தப்பட்டது. சீனக் கொசுவத்தியில் நான்கு வகை, மலேசியக் கொசுவத்தியில் இரண்டு வகையை எரித்துப் பார்த்தார்கள். ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் பி.எம். 2.5 துகளின் எடை 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று கண்டார்கள். மாமா 75 சிகரெட் பிடித்தார் என்று இதற்கு அர்த்தமில்லை. சிகரெட்காரர் புகையை நேரே நெஞ்சுக்குள் இழுக்கிறார். கொசுவத்தி அறைக்குள் பரவுகிறது. ஆனால் அறையே சாத்தியிருந்தால், எட்டு மணி நேரம் அங்கேயே தூங்கினால், வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வரும்.

இந்த இடத்தில் இன்னொரு விஞ்ஞானி, கிர்க் ஸ்மித். 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமத்துச் சமையலறைகளில் விறகடுப்புப் புகையை அளந்தவர். வீட்டுக்குள் விடப்படும் ஒரு கிராம் மாசு ஒருவருடைய நுரையீரலுக்குள் போகும் வாய்ப்பு, வெளியே விடப்படும் ஒரு கிராமைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு என்பது அவர் சொன்ன கணக்கு. ஆலைப் புகைபோக்கி கோடிக்கணக்கான கிராமைக் கக்கினாலும் காற்று அதைக் கலைத்து எங்கெங்கோ கொண்டுபோகும். தூபக்காலுக்கும் மாமாவின் மூக்குக்கும் நடுவே பத்தடி.

அணைத்ததும் தற்செயலாகப் போட்டதும்

அத்தையிடம் சொல்வது எளிதாக இல்லை. "உங்க தாத்தா காலத்திலிருந்து போடறோம், யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். தாத்தா வீடு தோட்டத்து லயம், பலகைச் சுவரில் இடுக்கு, கூரைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடி திறப்பு. பிளாட்டில் அது இல்லை. இதை வாதமாகச் சொல்லி நான் ஜெயிக்கவில்லை. மாமாவின் புத்தகத்தில் 240 என்ற எண்ணைக் காட்டியதும் அத்தையே தூபக்காலை எடுத்து வெளியே வைத்தார். கொசுவலை பழைய பெட்டியிலிருந்து வந்தது. ஜன்னல்கள் திறந்தன, ஜாலான் ஈப்போதான் சும்மா கிடக்கிறதே.

ஒரு வாரத்தில் காலை எண் 285. ஏப்ரல் கடைசியில் 310, 320.

கணக்கு டீச்சராக எனக்கு ஒரு நமைச்சல். போப்பின் கதையில் ஆலை மூடியதோடு மட்டும் எதுவும் உறுதியாகவில்லை. மறுபடி திறந்தபோது பிள்ளைகள் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்ததால்தான் வழக்கு இறுகியது. இங்கேயும் சாம்பிராணியை மறுபடி போட்டுப் பார்த்தால்? கேட்க வாய் வரவில்லை. அங்கே ஆலையைத் திறந்தவர் வேறு யாரோ. இங்கே நான் சொல்லித் திறக்கவேண்டும், மூச்சு முட்டப்போவது என் மாமாவுக்கு.

நான் சொல்லாமலே நடந்தது. மே தொடக்கத்தில் சித்ரா பௌர்ணமி. கோவில் பூட்டியிருக்கிறதே, வீட்டிலாவது நிறைவாகச் செய்யலாம் என்று அத்தை கரி மூட்டி வீடு முழுக்கத் தூபம் காட்டிவிட்டார். மறுநாள் காலை 265. அதற்கடுத்த நாள் 280. மூன்றாம் நாள் 310.

எங்கே இடிக்கிறது

இதை வைத்து சாம்பிராணிதான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுத எனக்கு ஆசைதான். போப்புக்கு ஒரு லாம் வந்ததுபோல எனக்கு நானே லாம் ஆகிப் பார்த்தேன்.

முதல் இடி அத்தையிடமிருந்தே வந்தது. "இவரு தடுப்பு மருந்தை ஒழுங்கா எடுத்தாத்தானே? நான் வீட்டிலயே இருந்ததால ஏப்ரலிலிருந்து ரெண்டு வேளையும் கையில குடுத்தேன்." மாமா தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு முன்பு "நல்லாத்தானே இருக்கு" என்று வாரத்தில் பாதி நாள் விட்டிருக்கிறார். அந்த மருந்து வலிநிவாரணிபோல உடனே வேலை செய்வதில்லை. விடாமல் எடுத்தால் சில வாரங்களில் அழற்சியைத் தணிக்கும். ஏப்ரல் கடைசியில் எண் ஏறியதற்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது, சளி. முகக்கவசம், கதவடைப்பு, பேரப்பிள்ளைகள் வரவில்லை. பள்ளியிலிருந்து சளியைத் தூக்கிக்கொண்டு வரும் தூதர்கள் இல்லாத வருடம் அது. யூட்டாவின் கிருமி வாதம் அப்படியே செந்தூலுக்குப் பொருந்துகிறது. மூன்றாவது, காலை தேநீர். உணவுக் கடைகளில் புகைபிடிக்கத் தடை வந்த பிறகு, பிடிப்பவர்கள் மூன்று மீட்டர் தள்ளி நின்று பிடிப்பார்கள். மாமா உட்காரும் ஓர மேசை சரியாக அந்த மூன்றாவது மீட்டரில் இருந்தது. கட்டுப்பாட்டு காலத்தில் அதுவும் நின்றுபோனது.

ஆக, ஏப்ரல் ஏற்றத்தை நான் சாம்பிராணி கணக்கில் முழுசாக எழுதமாட்டேன். ஆனால் வாரம் இரண்டு முறை ஐந்து மாதம் வந்த சீப்புப் பற்களை மருந்தாலும் சளியாலும் விளக்க முடியாது; சளிக்குச் செவ்வாய் வெள்ளி தெரியாது. சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் விழுந்ததும் அப்படித்தான், மருந்து ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதே விழுந்தது. மூச்சுக்குழாயைச் சுருக்கியதில் தூபத்துக்குப் பங்கு உண்டு என்று சொல்வேன். எவ்வளவு என்று ஒரே ஆளின் புத்தகத்தை வைத்துச் சொல்லமாட்டேன்.

வெளிக்காற்றை விடுதலை செய்துவிட்டேன் என்றும் யாரும் நினைக்கவேண்டாம். 2019 செப்டம்பர் எண்கள் அந்தப் புத்தகத்தில் அப்படியேதான் இருக்கின்றன. ஒரு நாள் சராசரி கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பி.எம். 2.5 அளவை இறுக்கியது. புகைமூட்டமே இல்லாத சாதாரண வாரங்களிலும் கோலாலம்பூர் இதைத் தாண்டும் நாள்கள் உண்டு. கதவுக்கு வெளியே நடப்பதை மாமாவோ அத்தையோ நிறுத்த முடியாது, தூபக்காலை நகர்த்தலாம்.

புத்தகம் இப்போது

2020இல் பெரிய புகைமூட்டம் வரவில்லை, எனவே அந்த ஒப்பீடு கிடைக்காமல் போனது. சாம்பிராணி செவ்வாயும் வெள்ளியும் திரும்பி வந்துவிட்டது, ஆனால் வாசலுக்கு வெளியே, நடைபாதையில். பக்கத்து வீட்டு அம்மா மணம் நன்றாக இருக்கிறது என்கிறாராம். அவர் வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

மாமா மூன்றாவது 555 புத்தகத்துக்கு வந்துவிட்டார். காலை, இரவு எண்களுக்குப் பக்கத்தில் அவரே கோடு போட்டு 'காரணம்' என்று ஒரு வரிசை சேர்த்திருக்கிறார். மழை. பக்கத்து வீட்டுக் கொசுவத்தி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. 2020 நவம்பர் 14 தீபாவளி. முந்தின வாரம் முழுக்க 300க்கு மேல் இருந்த எண் 13ஆம் தேதி இரவு 270 என்று இறங்கியிருக்கிறது. காரணம் வரிசையில் மாமா எழுதியிருந்தார்: "எண்ணெய்ச் சட்டி. முறுக்கு, 4 மணி நேரம்."

அதற்குக் கீழே அத்தையின் கையெழுத்து: "அதை நிறுத்த முடியாது."